டல்லாஸ் பக்கத்தில் ஒரு மஞ்சள் சட்டை: அமெரிக்கக் கிரிக்கெட்டின் பழைய கதையும் புதிய கதையும்



2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. நம்மில் பலர் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும் நேரம். டெக்சாஸ் மாநிலத்தில் அப்போது முந்தைய நாள் மாலை ஏழரை. டல்லாஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவில் உள்ள கிராண்ட் ப்ரேரி என்ற ஊரில், மஞ்சள் சட்டை போட்ட பதினொரு பேர் மைதானத்தில் நின்றார்கள். கேப்டன் ஃபாஃப் டு பிளெஸ்ஸி, பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங், அணியில் டெவன் கான்வே, டுவைன் பிராவோ. ஒலியைக் குறைத்துவிட்டு டிவியைப் பார்த்தால் சேப்பாக்கம் என்றே நினைத்திருப்பீர்கள். அணியின் பெயர் டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ். மேஜர் லீக் கிரிக்கெட் என்ற புதிய அமெரிக்கப் போட்டித் தொடரின் முதல் ஆட்டம் அது. எதிரணி லாஸ் ஏஞ்சலஸ் நைட் ரைடர்ஸ். டேவிட் மில்லர் 61, கான்வே 55 அடிக்க, நம்மவர்கள் 181 எடுத்து 69 ரன்னில் ஜெயித்தார்கள்.

“நம்மவர்கள்” என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் யோசித்தேன்: எப்படி நம்மவர்கள்? அணி டெக்சாஸில் இருக்கிறது. ஆடுபவர்களில் பாதிப் பேர் தென் ஆப்பிரிக்கா, நியூசிலாந்து, வெஸ்ட் இண்டீஸ். பார்க்க வந்தவர்கள் அமெரிக்காவில் குடியேறியவர்கள். ஒரு அணி யாருடையது என்ற கேள்வி அமெரிக்கக் கிரிக்கெட்டில் 180 வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கடைசியில் நம் குடியிருப்பைப் பற்றியும் ஒரு விஷயம் இருக்கிறது. அதற்காகவாவது முழுதும் படியுங்கள்.

முதல் சர்வதேச ஆட்டம் எங்கே?

கிரிக்கெட்டில் முதல் சர்வதேச ஆட்டம் எது என்று கேட்டால், இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் 1877-ல் மெல்போர்னில் ஆடியது என்போம். டெஸ்ட் ஆட்டம் என்றால் அது சரி. ஆனால் இரண்டு நாடுகள் மோதிய முதல் கிரிக்கெட் ஆட்டம் அதற்கு 33 வருடம் முன்பு, 1844 செப்டம்பரில், நியூயார்க்கில் நடந்தது. அமெரிக்காவும் கனடாவும் ஆடின. கனடா 82, 63. அமெரிக்கா 64, 58. கூட்டிப் பாருங்கள்: 145-க்கு 122. கனடா 23 ரன்னில் ஜெயித்தது.

அந்த ஆட்டத்துக்கு ஒரு வேடிக்கையான முன்கதை உண்டு. 1840-ல் நியூயார்க்கின் செயின்ட் ஜார்ஜ் கிளப்பில் ஒருவர் வந்து, டொரன்டோ கிளப்பின் ஃபில்பாட்ஸ் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு, எங்கள் ஊருக்கு ஆட வாருங்கள் என்று அழைத்தார். இவர்கள் மூட்டை முடிச்சுடன் அவ்வளவு தூரம் பயணம் செய்து போய் நின்றால், டொரன்டோ கிளப்புக்கு ஒன்றுமே தெரியாது. உண்மையான ஃபில்பாட்ஸோ அழைக்கவே இல்லை! யாரோ அவர் பெயரைச் சொல்லி ஏமாற்றியிருக்கிறார். ஆனாலும் டொரன்டோக்காரர்கள் வந்தவர்களைத் திருப்பி அனுப்பாமல் அவசரமாக ஒரு ஆட்டம் ஏற்பாடு செய்தார்கள். அந்த நட்பு வளர்ந்துதான் 1844 ஆட்டம் வந்தது. அழையாத விருந்தாளியையும் உள்ளே விட்டதால் நடந்தது இது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1859-ல் ஜார்ஜ் பார் தலைமையில் இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் 12 பேர் கப்பலேறினார்கள். ஆங்கிலக் கிரிக்கெட் அணி ஒன்று கடல் கடந்து போன முதல் சுற்றுப்பயணம் அதுதான். போனது ஆஸ்திரேலியாவுக்கோ இந்தியாவுக்கோ அல்ல, கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும். உள்ளூர் அணியில் 22 பேர், இவர்கள் 11 பேர் என்று ஆடியும் இவர்களே ஜெயித்தார்கள். அந்தக் காலத்தில் கிரிக்கெட்டின் அடுத்த பெரிய வீடு அமெரிக்காதான் என்று யாராவது சொல்லியிருந்தால், சிரிக்க மாட்டார்கள்.

பேஸ்பால் முந்தியது எப்படி?

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1865 வரை நடந்தது. கிரிக்கெட்டுக்குச் சமமாக உருட்டிய நல்ல தரை வேண்டும், நாள் முழுக்க நேரம் வேண்டும். பேஸ்பாலுக்கு ஒரு வெட்டவெளியும் இரண்டு மூன்று மணி நேரமும் போதும். ராணுவ முகாம்களில் எது பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை. போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் பேஸ்பாலை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆனால் போரை மட்டும் காரணம் சொல்வது நியாயமாகாது. கிரிக்கெட்டில் வளர்ந்தவர்களே அந்தப் பக்கம் போனார்கள். ஹாரி ரைட் என்பவர் செயின்ட் ஜார்ஜ் கிளப்பில் சம்பளத்துக்கு வேலை பார்த்த கிரிக்கெட்டரின் மகன். தானும் கிரிக்கெட் ஆடியவர். 1869-ல் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் என்ற அணியை நடத்தினார். எல்லோருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் பேஸ்பால் அணி அது. ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போய், கிரிக்கெட் பற்றிப் பத்திரிகைகளில் எழுதியவர். பிறகு பேஸ்பால் பக்கம் திரும்பி, கிரிக்கெட் ஸ்கோர்கார்டைப் போலவே ‘பாக்ஸ் ஸ்கோர்’ என்ற அட்டவணையைப் பரப்பினார். வங்கியில் லெட்ஜர் எழுதிய எனக்கு இவர்மேல் தனி மரியாதை. பேஸ்பால் அட்டவணையில் ஒரு பக்கத்துக் கூட்டல் மறுபக்கத்தோடு டாலி ஆக வேண்டும். ஆகாவிட்டால் எங்கோ தப்பு. பழைய நாளில் சாயங்காலம் ஒரு ரூபாய் இடித்தால் நாங்கள் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருப்போமே, அதே கதைதான்.

பிலடெல்பியாவின் பொற்காலம்

கிரிக்கெட் உடனே செத்துவிடவில்லை. பிலடெல்பியா நகரத்தில் நன்றாகவே தழைத்தது. ஜெர்மன்டவுன், மெரியன், பெல்மான்ட் என்று பெரிய கிளப்புகள், அழகான மைதானங்கள். 1893-ல் இங்கிலாந்தில் ஆடிவிட்டுத் திரும்பிய ஆஸ்திரேலியர்களை இந்த ஊர் அணி இன்னிங்ஸ் மற்றும் 68 ரன்னில் தோற்கடித்தது. பிலடெல்பியா 525. ஆஸ்திரேலியா 199, 258. சொந்த ஊர்க்காரர்கள்கூட நம்பியிருக்க மாட்டார்கள்.

அந்த ஊரின் தங்கம் பார்ட் கிங். 1873-ல் பிறந்தவர். சிறுவனாகப் பேஸ்பால் ஆடி வளர்ந்ததால், பந்தைக் காற்றில் வளைக்கும் வித்தை கையோடு வந்தது. 1897-ல் பிலடெல்பியா அணி இங்கிலாந்து போனபோது, சஸெக்ஸ் அணியை 46 ரன்னுக்குச் சுருட்டினார்கள். கிங் 13 ரன் கொடுத்து 7 விக்கெட். அதில் ஒரு விக்கெட் நம் ரஞ்சித்சிங்ஜி, முதல் பந்திலேயே! பின்னாளில் நவநகர் மகாராஜா ஆனாரே, ரஞ்சி டிராபிக்குப் பெயர் தந்தவர், அவரேதான். இரண்டு வருடம் கழித்து, 1899-ல் ரஞ்சி தலைமையில் ஒரு ஆங்கில அணி அமெரிக்கா போய் ஆடியது. ஆக, ஒரு இந்தியர் கிரிக்கெட் அணிக்குத் தலைமை ஏற்று அமெரிக்கா போனது ஐபிஎல் காலத்தில் தொடங்கியதல்ல.

1908 பயணத்தில் பார்ட் கிங் 87 விக்கெட், சராசரி 11.01. அந்த ஆண்டு இங்கிலாந்தின் பந்துவீச்சுப் பட்டியலில் அவரே முதலிடம். அவ்வளவு குறைந்த சராசரியில் இன்னொருவர் முதலிடம் பிடிக்க 1958 வரை 50 வருடம் ஆயிற்று.

சரி, இவ்வளவு நன்றாக ஆடிய ஊரில் ஆட்டம் ஏன் அழிந்தது? இரண்டு கதவுகள் சாத்தப்பட்டன.

முதல் கதவு, கிளப்பின் கதவு. பிலடெல்பியா கிளப்புகள் வசதியான குடும்பங்களின் கிளப்புகள். உறுப்பினர்கள் சிபாரிசு செய்தால்தான் உள்ளே போக முடியும். வேலைநாளிலும் மூன்று நாள் ஒதுக்கி ஆட யாரால் முடியும்? கூலி வேலைக்குப் போகிறவன் மகன் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, தெருமுனையில் பேஸ்பால் ஆடப் போனான். கிளப்பின் சொந்தப் பிள்ளைகளோ டென்னிஸுக்கும் கோல்ஃபுக்கும் மாறினார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் யாரும் இல்லை. மைதானங்கள் டென்னிஸ் களமாயின. ஜெர்மன்டவுன் கிரிக்கெட் கிளப் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. ஆனால் ஊரறிந்தது டென்னிஸ் கிளப்பாகத்தான்.

பேஸ்பால் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரிய லீக்குகளில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அறுபது வருடத்துக்கு மேல் கதவை மூடியே வைத்திருந்தார்கள். 1947-ல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடிய பிறகுதான் அது திறந்தது. அதை அவர்கள் இன்றுவரை வெட்கத்தோடு நினைவுகூர்கிறார்கள்.

இரண்டாவது கதவு, 1909-ல் லண்டனில் சாத்தப்பட்டது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென் ஆப்பிரிக்கா மூன்றும் சேர்ந்து இம்பீரியல் கிரிக்கெட் கான்ஃபரன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கின. பெயரிலேயே ‘சாம்ராஜ்யம்’ இருக்கிறது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு வெளியே உள்ள நாட்டுக்கு அதில் இடமில்லை. பார்ட் கிங் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த மறு வருடம் நடந்தது இது.

1965: ஒரே வருடத்தில் இரண்டு கதவுகள்

1965-ல் அந்த அமைப்பு ‘இம்பீரியல்’ என்ற சொல்லை ‘இன்டர்நேஷனல்’ என்று மாற்றியது. அமெரிக்கா, சிலோன், ஃபிஜி மூன்றும் இணை உறுப்பினர்களாகச் சேர்ந்தன. அதே 1965-ல் அமெரிக்க அரசு தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. ஐரோப்பியருக்கே பெரும் பங்கு என்ற பழைய ஒதுக்கீட்டு முறை போயிற்று. இந்த இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. ஆனால் பலன் ஒன்றாகச் சேர்ந்தது. ஜமைக்கா, கயானா, டிரினிடாட், இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளிலிருந்து மக்கள் வந்தார்கள். பெட்டியில் மட்டையும் வந்தது. நியூயார்க்கில் வான் கார்ட்லாண்ட் பூங்கா போன்ற பொது இடங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் திரும்பி வந்தது. கிளப்பின் புல்தரையில் செத்த ஆட்டம் மாநகராட்சிப் பூங்காவில் பிழைத்தது.

ஆனால் ஆட்டத்தை நடத்திய சங்கம்? இதை நம் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வராதவர்கள் குறிப்பாகக் கவனிக்கவும். அமெரிக்கக் கிரிக்கெட் சங்கத்தில் கோஷ்டிச் சண்டை, தேர்தல் தகராறு, கடன். ஐசிசி அதை 2005-ல் இடைநீக்கம் செய்தது, 2007-ல் மறுபடி, 2015-ல் மூன்றாம் முறை. 2017-ல் அடியோடு வெளியேற்றியது. ஆட்டக்காரர்கள் ஒன்றும் குறைந்தவர்கள் அல்ல. அவர்களை நடத்த ஒழுங்கான சங்கம்தான் இல்லை. அதற்குப் பதிலாக வந்த ‘யுஎஸ்ஏ கிரிக்கெட்’ 2019-ல் உறுப்பினர் ஆயிற்று. அதுவும் 2025 செப்டம்பரில் நிர்வாகக் குறைகளுக்காக இடைநீக்கம் ஆனது. தேசிய அணி மட்டும் தொடர்ந்து ஆடலாம் என்று ஐசிசி அனுமதித்திருக்கிறது.

நடுவில் தனியார் முயற்சிகளும் நடந்தன. 2004-ல் எட்டு அணிகளோடு ‘புரோ கிரிக்கெட்’ என்று ஒரு லீக் தொடங்கி, ஒரே பருவத்தில் மூடிவிட்டார்கள். 2015-ல் சச்சினும் ஷேன் வார்னும் பழைய நட்சத்திரங்களை அழைத்துப்போய் நியூயார்க், ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ் பேஸ்பால் மைதானங்களில் மூன்று ஆட்டங்கள் ஆடினார்கள். கூட்டம் வந்தது. ஆனால் மறுநாள் ஆட ஒரு பிட்ச்கூட மிஞ்சவில்லை.

ஃபிரான்சைஸ் என்றால் என்ன?

இப்போது மேஜர் லீக் கிரிக்கெட்டுக்கு வருவோம். இது சங்கம் நடத்தும் போட்டி அல்ல, கம்பெனி நடத்துவது. ஆறு அணிகள். ஒவ்வொன்றும் ஒரு ஃபிரான்சைஸ். அதாவது இந்த ஊர்ப் பெயரில் அணி வைத்துக்கொள்ளும் உரிமையை லீக் ஒரு முதலாளிக்குத் தருகிறது. நம் தெருமுனையில் பிரபல பெயர்ப்பலகை மாட்டிய காபிக்கடை மாதிரிதான். தோற்றால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளமாட்டார்கள். ஆனால் முதலாளி நினைத்தால் கடையை வேறு ஊருக்கு மாற்றலாம். ஜாக்கி ராபின்சனின் புரூக்ளின் டாட்ஜர்ஸையே 1957 பருவத்தோடு மூட்டைகட்டி லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புரூக்ளின்வாசிகள் ஆறவே இல்லை.

இந்த முறை அமெரிக்காவில் 1876-ல் தொடங்கிய நேஷனல் லீக் என்ற பேஸ்பால் அமைப்பிலிருந்து வளர்ந்தது. 2008-ல் ஐபிஎல் அதைக் கடன் வாங்கியது. 2023-ல் ஐபிஎல் முதலாளிகளே அதை அமெரிக்காவுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். அசலும் வட்டியுமாகத் திரும்பிய கடன் என்று சொல்லலாம்.

முதலாளிகளைப் பாருங்கள். டெக்சாஸ் அணியில் நம் சென்னை சூப்பர் கிங்ஸோடு கூட்டாளிகளாக அனுராக் ஜெயின், ராஸ் பெரோ ஜூனியர். பின்னவர் 1982-ல் ஹெலிகாப்டரில் உலகைச் சுற்றியவர். சான்பிரான்சிஸ்கோ யுனிகார்ன்ஸின் ஆனந்த் ராஜாராமனும் வெங்கி ஹரிநாராயணும் நம் கிண்டி ஐஐடியில் படித்தவர்கள். சியாட்டில் ஆர்காஸில் முதலீடு செய்தவர்களில் மைக்ரோசாஃப்ட்டின் சத்யா நாதெள்ளாவும் உண்டு. ஒரு காலத்தில் சாம்ராஜ்யத்தின் ஆட்டம். இன்று சாம்ராஜ்யத்தின் பழைய குடிமக்கள் நடத்தும் ஆட்டம்.

டெக்சாஸ் அணி ஆடும் கிராண்ட் ப்ரேரி மைதானமும் ஒரு கதை. 2008-ல் ஏர்ஹாக்ஸ் என்ற சிறிய பேஸ்பால் அணிக்காகக் கட்டியது. அந்த அணி கலைந்தபின் சும்மா கிடந்ததை, கிரிக்கெட்டுக்காக மாற்றிக் கட்டினார்கள். சுமார் 7,000 பேர் உட்காரலாம். 150 வருடம் முன்பு பேஸ்பால் கிரிக்கெட்டின் இடத்தைப் பிடித்தது; இங்கே ஒரே ஒரு மைதானமாவது கை மாறியிருக்கிறது.

அந்த மைதானத்தில்தான் 2024 ஜூன் 6 அன்று, டி20 உலகக் கோப்பையில் அமெரிக்கா பாகிஸ்தானைத் தோற்கடித்தது. இரண்டு பக்கமும் 159. சூப்பர் ஓவரில் அமெரிக்கா 18, பாகிஸ்தான் 13. அந்த ஓவரைப் போட்டவர் சௌரப் நேத்ரவால்கர். மும்பையில் வளர்ந்து, 2010-ல் இந்தியாவின் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடி, மேலே இடம் கிடைக்காமல், கார்னெல் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்கப் போனவர். ஆரக்கிள் கம்பெனியில் இன்ஜினியர். 2012-ல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நமக்கு வாங்கித் தந்த கேப்டன் உன்முக்த் சந்தும் 2021-ல் அங்கே போய்விட்டார். இங்கே வரிசை நீளம். அங்கே ஒரு கதவு திறந்திருந்தது.

கோப்பையைப் பொறுத்தவரை, 2023-ல் மும்பை முதலாளிகளின் எம்ஐ நியூயார்க், 2024-ல் வாஷிங்டன் ஃப்ரீடம், 2025-ல் மறுபடி எம்ஐ நியூயார்க். நம் மஞ்சள் சட்டைக்கு முதல் மூன்று வருடமும் இல்லை. பொறுத்திருப்போம், அது நமக்குப் பழக்கம்தான்.

இது நிலைக்குமா? 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் கிரிக்கெட் இருக்கிறது. 1900 பாரிஸுக்குப் பிறகு முதல் முறை. அது பெரிய வாய்ப்பு. ஆனால் என் கணக்குப்படி உண்மையான சோதனை வேறு. இன்று டெக்சாஸில் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நம் ஊர்களிலிருந்து போனவர்கள். அவர்கள் பிள்ளைகளும், பக்கத்து வீட்டு அமெரிக்கப் பிள்ளைகளும் மட்டை பிடித்தால்தான் இது நிற்கும். நட்சத்திரங்கள் ஜூலை முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார்கள். பிலடெல்பியாவில் பணம் இருந்தது, மைதானம் இருந்தது, பார்ட் கிங் இருந்தார். அடுத்த வரிசை மட்டும் இல்லை.

இப்போது நம் குடியிருப்பு

நம் பின்பக்கத்து வலை கட்டிய ஆட்டக்களத்தில் “குடியிருப்போர் பிள்ளைகளுக்கு மட்டும்” என்று ஒரு பலகை இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு அது கூட்டத்தில் வந்தபோது கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். பாதுகாப்பு, பராமரிப்புச் செலவு என்று காரணங்கள் சொன்னோம். தப்பான காரணங்கள் அல்ல. ஆனால் இன்று நிலைமை என்ன? பள்ளி நாட்களில் சாயங்காலம் களத்தில் நான்கு பிள்ளைகள்கூடச் சேர்வதில்லை. டியூஷன், நீச்சல், செல்போன். இருவர் பந்து போட்டு இருவர் அடிக்கிறார்கள். வலைக்கு வெளியே, கேட் பக்கத்து இஸ்திரி வண்டிக்காரரின் பையன் நின்றுகொண்டிருக்கிறான். பந்து வெளியே விழுந்தால் எடுத்து எறிகிறான். எறிவதை ஒரு நாள் பார்த்தேன். நேராக ஸ்டம்புக்கு வந்து விழுந்தது. உள்ளே இருந்த பையன்கள் “அண்ணா, நீங்க வாங்க” என்று கூப்பிட்டார்கள். அவன் பலகையைக் காட்டினான்.

இந்தக் கட்டுரைக்காகப் பிலடெல்பியா கிளப்புகளைப் பற்றிப் படித்தபோதெல்லாம் அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான்.

வரும் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொடுக்கப்போகிறேன். நம்மிடம் வேலை செய்கிறவர்கள், வாசலில் தொழில் செய்கிறவர்கள், இவர்களின் பிள்ளைகளும் ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பது வரை ஆடலாம்; செக்யூரிட்டி புத்தகத்தில் பெயர் எழுதினால் போதும். ஆறு மாதம் பார்ப்போம். கண்ணாடி உடைந்தால் முதல் கண்ணாடிக்கு என் பணம். வழிமொழிய ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டத்துக்கு முன்பே சங்க அலுவலகத்தில் தெரிவியுங்கள். எதிர்ப்பவர்களும் அவசியம் வாருங்கள். கோரம் இல்லாமல் கலைந்த சங்கங்களின் கதையைத்தான் மேலே படித்தீர்களே.